மண்டபத்து மாபிள் மங்கியதற்குப் பொலிஷ்காரன் மட்டுமா காரணம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் உங்கள் வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர் மனம் நொந்து எழுதியிருந்தார். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப்பிள்ளைகள் அனுப்பிய காசில் தங்கள் கோயில் வசந்த மண்டபத்துக்கு வெள்ளை மாபிள் பதித்தார்களாம். கும்பாபிஷேகத்தன்று முகம் பார்க்கலாம் போல இருந்த நிலம், அடுத்த திருவிழாவுக்குள் வெளிறி மங்கி, ஆங்காங்கே வட்டம் வட்டமாகத் தழும்பு விழுந்துவிட்டதாம். பொலிஷ் பிடித்தவர்கள் காசை வாங்கிக்கொண்டு கண்ணில் மண்ணைத் தூவிவிட்டார்கள் என்பது அவர் முடிவு. கோபம் நியாயமானது. ஆனால் ‘வட்டம் வட்டமாக’ என்று அவர் எழுதிய இடத்திலேயே அந்த வழக்கின் பாதித் தீர்ப்பு இருக்கிறது.

நானும் அந்தத் தொழில்காரன்தான். தோஹாவில் ஹோட்டல் நிலங்களும் பள்ளிவாசல் நிலங்களும் பொலிஷ் பிடித்த கூட்டத்தில் ஒருவனாக இருந்துவிட்டு, மீள்குடியேற்றத்துக்குப் பிறகு ஊருக்கு வந்து, பரந்தனில் இருந்துகொண்டு மாங்குளம், மல்லாவி, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு என்று மெஷினைக் கட்டிக்கொண்டு திரிகிறேன். எங்கள் தொழிலில் ஏமாற்றுகிறவர்கள் இல்லையென்று வாதாட வரவில்லை. இருக்கிறார்கள், அவர்களைப் பற்றியும் கீழே எழுதுகிறேன். ஆனால் கல் என்ன கல் என்று கேளாமல் வாங்கிப்போட்டுவிட்டு, மினுக்கம் நிற்கவில்லை என்று கடைசியாக வந்தவனைப் பிடிப்பது சரியில்லை. மினுக்கம் மெஷினிலிருந்து வருவதில்லை. கல்லுக்குள் என்ன இருக்கிறதோ அதுதான் மினுங்கும், அதுதான் மங்கும்.

முதலில் ஒரு தெளிவு. எங்கள் பக்கத்தில் போசிலின் ரைல்ஸ் பதித்த வீட்டையும் ‘மாபிள் வீடு’ என்றுதான் சொல்வார்கள். அது சூளையில் சுட்ட மண். அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. நான் சொல்வது நிலத்திலிருந்து வெட்டி எடுத்த கல்.

யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டும்போது வருகிற சுண்ணக்கல்லும், மைக்கலாஞ்சலோ தாவீதின் சிலையைச் செதுக்கிய இத்தாலியின் கராரா மாபிளும், தாஜ்மகாலுக்குப் போன ராஜஸ்தானத்து மக்ரானா மாபிளும் அடிப்படையில் ஒரே கனிமம். கல்சைற்று, அதாவது கல்சியம் காபனேற்று. வித்தியாசம் எங்கே? மயோசின் என்ற பழைய புவிக்காலத்தில் உருவான எங்கள் சுண்ணக்கல்லில் சிப்பித் துண்டும் பொந்தும் நிறைய. எவ்வளவு தேய்த்தாலும் பொந்து பொந்தாகவே இருக்கும், கண்ணாடிப் பளபளப்பு வராது. அதே சுண்ணக்கல் பூமிக்கு அடியில் கடுஞ்சூட்டிலும் அமுக்கத்திலும் கிடந்தால் சிப்பி, பொந்து எல்லாம் அழிந்து, பளிங்கு மணிகளாகத் திரும்ப உருவாகி, மணியோடு மணி பூட்டிக்கொள்ளும். அதுதான் மாபிள். மணி பொடியாகவும் நெருக்கமாகவும் இருந்தால் பொலிஷ் நன்றாக ஏறும். மணி சீனிக்கட்டி அளவுக்குப் பெரிதாக இருந்தால் அரைக்கும்போதே பிய்ந்து வரும். கல்சைற்று மூன்று திசையில் பிளவுபடுகிற கனிமம். பெரிய மணியின் விளிம்பில் மெஷின் பட்டால் சிராய் சிராயாகக் கழன்றுவிடும். அந்தக் குழியைப் பிறகு நிரப்பலாம், மறைக்க முடியாது.

பளபளப்பு என்பது என்ன என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இரணைமடுக் குளத்தில் காற்றில்லாத விடியற்காலையில் அக்கரை மரம் தலைகீழாகத் துலக்கமாகத் தெரியும். கச்சான் காற்று எழும்பி அலை நொருங்கினால் அதே தண்ணீர் வெள்ளைத் தகடாகிவிடும், மரம் போய்விடும். தண்ணீர் மாறவில்லை, மேற்பரப்புத்தான் குலைந்தது. கல்லுக்கும் அதே கதை. என்ன, கல்லில் அந்த அலையின் உயரம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும், பிம்பம் செத்துவிடும். கட்டாரில் எங்கள் மேற்பார்வையாளர் ஒரு சிறிய மீற்றரை நிலத்தில் வைத்துப் பார்ப்பார். 60 பாகைச் சாய்வில் ஒளியை விட்டு, எவ்வளவு திரும்புகிறது என்று இலக்கம் காட்டும். முறிவுச்சுட்டி (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) 1.567 உள்ள கறுப்புக் கண்ணாடியை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் அதோடு ஒப்பிடப்படும். இலக்கம் குறைந்தால் திரும்பவும் முழங்காலில்.

இதில் பலருக்கும் வியப்பான ஒரு செய்தி உண்டு. நேரே விழுகிற வெளிச்சத்தில் கல்சைற்று திருப்பி அனுப்புவது 100க்கு ஐந்து பங்கு அளவுதான். மணலிலும் கருங்கல்லிலும் இருக்கிற குவாட்ஸ் என்ற கனிமமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே எந்தக் கல்லும் பிறவியிலேயே அதிகம் மினுங்குகிற கல் இல்லை. எது கடைசிவரைக்கும் மட்டமாகத் தேயும், தேய்த்தது எவ்வளவு காலம் மட்டமாகவே இருக்கும் என்பதுதான் கேள்வி. கறுப்புக் கல் கூடுதலாக மினுங்குவதாகக் கண்ணுக்குப் படுவதற்குக் காரணம், உள்ளே போன வெளிச்சம் அங்கேயே விழுங்கப்படுவது. மேலே பட்டுத் திரும்புவது மட்டும் தெரியும். வெள்ளை மாபிளில் வெளிச்சம் உள்ளே போய் மணிகளுக்குள் அலைந்து திரும்பவும் வெளியே வரும். அந்தப் பால் ஒளிதான் மாபிளின் அழகு. அந்த அழகை வாங்கிவிட்டு கறுப்புக் கல்லின் கண்ணாடி மினுக்கத்தையும் கேட்டால் நான் எங்கே போவேன்?

கல் முழுவதும் ஒரே கனிமமாக இருந்தால் வேலை லேசு. 50இல் தொடங்கி 100, 200, 400, 800, 1500, 3000 என்று வைரத்தூள் பாட்டுகளை (மெஷினில் மாட்டித் தேய்க்கும் வட்டுகள், இலக்கம் கூடக் கூடத் தூள் நைசாகும்) மாற்றிக்கொண்டு போனால் எல்லா இடமும் ஒரே மாதிரித் தேயும். இடையில் ஒன்றைத் தாவினால் முந்திய பாட்டின் கீறல் கீழே கிடக்கும். மேலே எவ்வளவு மினுக்கினாலும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே குந்தியிருந்து பார்த்தால் சுருள் சுருளாகத் தெரியும். ஏமாற்றுகிறவர்கள் ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். 200 முடிந்ததும் 1500க்குத் தாவி, மேலே மெழுகைப் பூசிவிட்டு வெளிக்கிட்டுவிடுவார்கள். கும்பாபிஷேகக் கூட்டத்தில் யார் குந்தியிருந்து பார்க்கப்போகிறார்கள்?

சிக்கல், கல்லுக்குள் வேறு வேறு கனிமம் கலந்திருக்கும்போது. இலங்கையில் மாபிள் இல்லையென்று நினைக்கிறவர்கள் உண்டு. மாத்தளை, திகனைப் பக்கம் தாராளமாக இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி டொலமைற் கலந்தது, தென்னைக்குப் போடுகிறோமே, அதே டொலமைற்தான். கல்சியத்தோடு மகனீசியமும் சேர்ந்த காபனேற்று. அதற்குள் மைக்காவும், பச்சையும் பழுப்புமான வேறு மணிகளும், சில இடத்தில் காரீயப் (பென்சில் கரி) பொட்டும் இருக்கும். இப்போது வன்மையை, அதாவது கீறலை எவ்வளவு தாங்கும் என்பதை, மோஸ் அளவில் பாருங்கள். நகம் 2.5, கல்சைற்று 3, டொலமைற் 3.5 முதல் 4 வரை, சாதாரணக் கண்ணாடி 5.5 அளவில், பெல்ஸ்பார் 6, குவாட்ஸ் 7. அந்தப் பச்சை மணிகளில் சில 6ஐயும் தாண்டும். காரீயம் 2ஐக்கூட எட்டாது. எல்லாவற்றையும் ஒரே பாட்டால் தேய்த்தால் மென்மையானது பள்ளமாகும், வன்மையானது மேடாக நிற்கும். கையை வைத்துத் தடவினால் தெரியாது, சாய்ந்து பார்த்தால் தோடம்பழத் தோலாகத் தெரியும். மைக்கா இன்னும் மோசம். அது ஏடு ஏடாகப் பிரிகிற சாமான். கடைசிப் பாட்டு வரைக்கும் இருந்துவிட்டு ஒரு ஏடு கழன்று அந்த இடம் மங்கிப்போகும். உள்ளூர்க் கல் கூடாது என்று நான் சொல்லவில்லை. தூணுக்கும் சுவருக்கும் படிக்கும் அருமையான கல். அதிலிருந்து இத்தாலிக் கல்லின் முகத்தை எதிர்பார்க்காமல் இருந்தால் சரி.

இனி அந்த வட்டங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மன் வாசலில் ஆச்சிமார் தேசிக்காயைப் பாதியாக வெட்டிப் பிழிந்து, கோதைப் புரட்டித் திரி போட்டு விளக்கேற்றுவதை எல்லாரும் பார்த்திருப்போம். வெட்டுகிற இடம் எது? நிலம். வெட்டிய பாதியைக் கவிழ்த்து வைக்கிற இடமும் நிலம். கல்சைற்றில் அமிலம் பட்டால் காபனீரொட்சைட்டு கிளம்பும், கல் கரையும். தேசிப்புளி மென்மையான அமிலம்தான், ஆனால் மினுக்கத்தைக் கெடுக்க ஆழமாகத் தோண்டத் தேவையில்லை, மேலே சொன்ன ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீற்றர் போதும். ஒரு கோயிலில் இப்படி ஒரு தழும்பை நான் கிட்டக் குனிந்து பார்த்தேன். தேசிக்காயின் வெட்டுமுகம் அளவான வட்டம், ஓரம் கூர்மையாக, நடுவில் சுளைகளின் ரேகைகூட லேசாகப் பதிந்திருந்தது. நகத்தால் இழுத்தால் வட்டத்துக்கு வெளியே வழுக்குகிறது, உள்ளே சொரசொரக்கிறது. அது அழுக்கு இல்லை, துடைத்துப் போக்க முடியாது. கல்லே போய்விட்ட இடம்.

தர்மகர்த்தா ஐயா பக்கத்தில் நின்றார்.

“தம்பி, ஒருக்கா மெஷினைப் போட்டு விட்டால் சரிதானே?”

“சரி ஐயா. அடுத்த வெள்ளிக்கு ஆச்சிமாரை என்ன செய்வியள்?”

“அவையை ஒண்டும் சொல்லேலாது.”

அவர் சொன்னது உண்மை. ஆச்சிமாரை நிறுத்தக்கூடாது. கோயில் ஆச்சிமாருக்காகத்தான் இருக்கிறது, மாபிளுக்காக இல்லை. தேசிக்காய் மட்டுமா? அபிஷேகத்துக்குத் தயிர், பழங்கள், பஞ்சாமிர்தம். அன்னதானத்தில் ரசமும் புளிக்குழம்பும். எல்லாவற்றிலும் புளிப்பு உண்டு. ஆகவே கேள்வியைத் தொடக்கத்திலேயே வேறு மாதிரிக் கேட்டிருக்க வேண்டும். புளிப்பு நாள்தோறும் சிந்துகிற இடத்துக்கு, புளிப்பில் கரைகிற கல்லை ஏன் போட்டோம்? எங்கள் முன்னோர் மூலஸ்தானத்துக்குக் கருங்கல்லை வைத்தது காசில்லாமல் இல்லை. திருக்கேதீச்சரத்தின் புதிய திருப்பணியையும் கருங்கல்லில்தான் செய்தார்கள். கருங்கல்லின் பெல்ஸ்பாருக்கும் குவாட்ஸுக்கும் தேசிப்புளி ஒரு பொருட்டில்லை.

புளிப்புக்கு அடுத்த எதிரி மணல். வவுனியாப் பக்கத்து வன்பாறைகள் உக்கி உக்கி மிஞ்சுவது பெரும்பாலும் குவாட்ஸ் மணல். ஏ9 கார்ப்பெட் போட்டாயிற்று, ஆனால் உள்வீதிகள் இன்னும் கிரவல். ‘நாங்கள் செருப்போடு உள்ளே வாறதில்லையே’ என்று சொல்வார்கள். வெறுங்காலின் அடியிலும் மணல் ஒட்டும், அதுவும் காலைக் கழுவிவிட்டு ஈரத்தோடு வந்தால் இன்னும் நன்றாக ஒட்டும். 7 வன்மையுள்ள மணல் 3 வன்மையுள்ள கல்லின் மேல் ஒவ்வொரு அடிக்கும் உரசுகிறது. வாசலிலிருந்து சந்நிதி வரை ஒரு நடைபாதை மங்கி, தூண் ஓரம் மட்டும் மினுங்கிக்கொண்டிருக்கும் மண்டபங்களைப் பார்த்திருப்பீர்கள். பொலிஷ்காரன் வேண்டுமென்று நடுவில் மட்டும் மோசமாகத் தேய்க்கவில்லை.

மூன்றாவது, நாங்களே வாளியில் கொண்டுவருகிற எதிரி. கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூட. கேத்தலின் அடியில் படிகிற வெள்ளைக் காறல் அதுதான். அதே தண்ணீர் நிலத்தில் காய்ந்தால் வெள்ளைப் படலம் விடும். உடனே யாராவது ஹாட்வெயாரில் அசிட் போத்தல் வாங்கிவந்து ஊற்றுவார்கள். அசிட் அந்தப் படலத்தை நிச்சயமாகக் கரைக்கும். ஆனால் படலமும் கல்சியம் காபனேற்று, கீழே இருக்கும் மாபிளும் கல்சியம் காபனேற்று. எங்கே நிறுத்துவது என்று அசிட்டுக்குத் தெரியாது. சீமெந்துக் கறை எடுக்கவென்று பதித்த கையோடு மேசன்மார் அசிட் அடித்துவிட்டுப் போன நிலங்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே பிறகு நான் செய்வது பொலிஷ் இல்லை, முதலிலிருந்து அரைப்பு. பச்சைத் தண்ணீரும், காரமும் புளிப்பும் இல்லாத சவர்க்காரமும் போதும். கழுவிவிட்டுத் தண்ணீரைத் தேங்க விடாமல் துடைத்தெடுத்தால் படலமே வராது.

இங்கே ஒரு முரண் உண்டு. அமிலம் கல்லைக் கெடுக்கிறது என்று சொல்லிக்கொண்டே, மாபிளுக்குக் கடைசி மினுக்கம் ஏற்ற நாங்களும் ஓர் அமிலத்தைத்தான் பாவிக்கிறோம். ஒக்சாலிக் அமிலம். அது கல்சைற்றோடு சேர்ந்து கல்சியம் ஒக்சலேற்று என்ற மெல்லிய படையை உண்டாக்கும். அது தண்ணீரில் இலேசில் கரையாது, கல்லின் மேலேயே நின்றுகொள்ளும். நுண்ணிய பொலிஷ் தூளோடு சேர்த்து அளவாகத் தேய்த்தால் பளபளப்பு எழும்பும். இன்னொரு முறை கிறிஸ்டல் பிடித்தல். மகனீசியம் புளோரோசிலிக்கேற்று கலந்த திரவத்தைத் தெளித்து, இரும்புக் கம்பளிப் பாட்டால் சூடேறத் தேய்ப்பது. கல்சைற்றின் மேற்பரப்பு கொஞ்சம் கல்சியம் புளோரைட்டாக மாறும். அதன் வன்மை 4, கல்சைற்றை விட ஒரு படி கூட. இரண்டு வித்தையும் கல்லில் கல்சைற்று இருந்தால்தான் பலிக்கும். கிறனைற்றில் செய்தால் தாக்கமே இல்லை, காசு மட்டும் போகும். ஆனாலும் வீட்டுக்காரரின் கிறனைற் மேசைக்கு ‘கிறிஸ்டல் பிடித்துத் தாறன்’ என்று பில் போடுகிற ஆட்கள் எங்கள் வன்னியிலும் நடமாடுகிறார்கள். என்ன செய்தாய் என்று கேட்டால் அது கொம்பனி இரகசியமாம்.

பச்சை மாபிள் என்று வருவது இன்னொரு பொறி. ராஜஸ்தானத்துப் பச்சைக் கல் பெரும்பாலும் சேர்பென்ரைன் என்ற வேறு கனிமம், சுண்ணக்கல்லே இல்லை. தேசிப்புளி விட்டாலும் பொங்காது, வெள்ளை நரம்பு ஓடுகிற இடத்தில் மட்டும் பொங்கும். நல்ல மினுக்கம் ஏறும், ஆனால் ஈரச் சீமெந்துக் கலவையில் பதித்தால் சில கல் வளைந்து மூலை தூக்கும். எப்பொக்சிப் பசையில் ஒட்ட வேண்டிய கல் அது.

இனி, எழுதத்தான் வேண்டுமா என்று யோசித்த ஒரு விடயம். எங்கள் ஊர்களில் நினைவுக்கல் இல்லாத குடும்பம் குறைவு. வீட்டு முற்றத்திலும், சேமக்காலையிலும், வாசிகசாலை மதிலிலும் கறுப்புக் கல்லில் முகம் பொறித்து வைத்திருக்கிறோம். அந்த முகம் எப்படித் தெரிகிறது? மினுக்கிய கறுப்பில் வெளிச்சம் உள்ளே போய் மறைந்துவிடும். பொறித்த இடத்தில் கல் நொருங்கியிருப்பதால் வெளிச்சம் சிதறும், சாம்பல் வெள்ளையாகத் தெரியும். நெற்றியும் கண்ணும் மீசையும் எல்லாம் மினுக்கத்துக்கும் நொருங்கலுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் மட்டுமே, வண்ணப்பூச்சு எதுவும் இல்லை. ஆகவே மினுக்கம் போனால் முகமும் போகும்.

கறுப்பாக மினுங்குகிற கல்லெல்லாம் ஒன்றில்லை. வியாபாரத்தில் கறுப்புக் கிறனைற் என்று விற்பது பெரும்பாலும் கப்ரோ, டொலரைற்று என்ற, பாறைக்குழம்பு நிலத்துக்கு அடியில் ஆறி இறுகிய தீப்பாறைக் குடும்பத்துக் கல். பெல்ஸ்பாரும் பைரொக்சீன் என்ற கருநிறக் கனிமமும் இறுகிப் பின்னியது. மழை வெயிலில் தலைமுறை தாண்டும். ஆனால் கறுப்புச் சுண்ணக்கல்லும் கறுப்பு மாபிளும் சந்தையில் உண்டு. அறைக்குள் வைத்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, விலையில் தெரியும். மழைத்தண்ணீர் ஆகாயத்துக் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு வருவதால் இயல்பாகவே லேசான அமிலம். அதன் பீ.எச். பெறுமானம் 5.6 அளவு. வெட்டவெளியில் நிற்கிற சுண்ணக்கல்லை ஒவ்வொரு மாரியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொரசொரப்பாக்கும். கல் முழுதும் சாம்பலாகும். சாம்பலுக்குள் சாம்பலாக இருக்கிற முகத்தை எந்தப் பொலிஷ்காரனாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது, ஏனென்றால் நான் தேய்த்தால் பொறித்ததும் சேர்ந்து தேய்ந்துவிடும். ஒரு தாய் என்னிடம் அப்படி ஒரு கல்லைக் காட்டி, “தம்பி, பிள்ளையின்ரை முகத்தைக் கொஞ்சம் வெளிக்க வையுங்கோ” என்று கேட்டார். நான் எண்ணெய் தடவிக் காட்டினேன். முகம் எழும்பியது, எண்ணெய் காயும்வரைக்கும். வேறு கல் எடுத்துத் திரும்பப் பொறிக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கல்லை விற்றவர் ஒரு இரும்பாணியால் ஓரத்தில் கீறிக் காட்டியிருந்தால் அந்தத் தாய்க்கு இந்தச் செலவு வந்திராது.

கறுப்புக் கல் வாங்குவோர் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சாம்பல் நிறம் கலந்த கல்லுக்கு எண்ணெயும் சாயமும் மெழுகும் ஏற்றிக் கறுப்பாக்கி விற்பதுண்டு. வெள்ளைத் துணியில் அசிற்றோன் நனைத்து ஒரு மூலையை அழுத்தித் துடையுங்கள். துணி கறுத்தால் கடையை விட்டு வெளிக்கிடுங்கள்.

திறந்த முற்றத்துக்கு மாபிள் வேண்டவே வேண்டாம். கல்சைற்று மணிக்கு ஒரு குணம்: சூடேறினால் ஒரு திசையில் நீளும், அதற்குக் குறுக்கே சுருங்கும். மணிகள் ஆளுக்கொரு திசையில் கிடப்பதால் பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறிப் பட்டு, மணிக்கும் மணிக்கும் உள்ள பிடி தளரும். மேலே சீனி போல உதிரும், மெல்லிய பலகையாக இருந்தால் வளையும். சிக்காகோவில் 1970களின் முற்பகுதியில் கட்டிய, 80 மாடிக்கு மேற்பட்ட ஓர் எண்ணெய்க் கொம்பனிக் கட்டடத்துக்கு முழுவதும் கராரா மாபிள் போர்த்தினார்கள். பலகைகள் வளைந்தன. 1990க்கும் 1992க்கும் இடையில் அவ்வளவையும் கழற்றிவிட்டுக் கிறனைற் போட்டார்கள். பணமும் பொறியியலாளரும் நிறைந்த ஊரிலேயே இந்தக் கதை என்றால், சித்திரை வெயிலில் கிளிநொச்சி முற்றத்தில் என்ன நடக்கும்?

கடையில் தெரிகிற பளபளப்பை நம்பாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணம் பிசின். இப்போது வருகிற பலகைகளில் பலவற்றுக்கு எப்பொக்சிப் பிசினை ஏற்றி, வெடிப்பையும் பொந்தையும் நிரப்பி, பின்பக்கம் வலை ஒட்டி அனுப்புகிறார்கள். அது மோசடி இல்லை. அப்படிச் செய்யாவிட்டால் சில கல் கப்பலிலேயே உடைந்துவிடும். ஆனால் வெயில் படுகிற இடத்தில் அந்தப் பிசின் மஞ்சளிக்கும். மஞ்சள் கோடு கோடாகத் தெரிந்தால் கல் பழுதாகவில்லை, பிசின் பழுத்துவிட்டது.

கல்லைச் சோதிக்கப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. கடையில் வெட்டுத்துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், தரமாட்டேன் என்றால் அதுவே பதில். தேசிக்காய்ப் புளி ஒரு துளி விட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் துடையுங்கள். சிறு குமிழி எழும்பி, துடைத்த இடம் மங்கினால் கல்சைற்று. ஒன்றும் நடக்காவிட்டால் கத்தியால் சுரண்டித் தூளாக்கி அந்தத் தூளில் விட்டுப் பாருங்கள். தூளில் மட்டும் லேசாகப் பொங்கினால் டொலமைற். கத்தியே ஏறாவிட்டால், அந்தத் துண்டின் கூரால் பழைய போத்தல் கண்ணாடியில் கோடு இழுங்கள். கண்ணாடி கீறுப்பட்டால் குவாட்ஸோ பெல்ஸ்பாரோ உள்ள கருங்கல் இனம். பிறகு பொலிஷ் இல்லாத பக்கத்தில் ஒரு துளி தண்ணீர். உடனே உறிஞ்சிக் கறுத்தால் எண்ணெயையும் மஞ்சளையும் குங்குமத்தையும் அப்படியே உறிஞ்சும், அது கோயிலுக்கு உதவாது.

பரிபாலன சபைகளிடமும், காசு அனுப்புகிற பிள்ளைகளிடமும் ஒரு வேண்டுகோள். விலை கேட்கும் கடிதத்தில் ‘முதல்தர இத்தாலி மாபிள்’ என்று மட்டும் எழுதாதீர்கள். கல்லின் கனிமம் எது, தடிப்பு எவ்வளவு, பிசின் ஏற்றியதா, எந்தப் பாட்டு வரைக்கும் பொலிஷ், மெழுகு உண்டா இல்லையா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வேலை முடிந்ததும் ஒரு மூலையைத் தின்னர் தோய்த்த துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். துடைத்த பிறகும் மினுங்கினால் காசைக் கொடுங்கள். வேலை தெரிந்தவன் இதற்குக் கோபிக்க மாட்டான்.

கடிதம் எழுதிய அன்பருக்கு: கல்லைப் பெயர்க்க வேண்டாம், அது நல்ல கல்லாகத்தான் இருக்க வேண்டும். திரும்பக் கண்ணாடிப் பளபளப்புக்குப் போகவும் வேண்டாம். தழும்பு மறையும்வரை அரைத்து, 400ஆம் பாட்டோடு நிறுத்தச் சொல்லுங்கள். நிலம் மினுங்காது, மெத்தென்று வெள்ளையாக இருக்கும். புதுத் தழும்பு விழுந்தாலும் கண்ணை உறுத்தாது, மழைக்காலத்தில் ஆச்சிமார் வழுக்கியும் விழமாட்டார்கள். தேசிக்காய் விளக்குக்கு வாசல் ஓரம் ஒரு கருங்கல் மேடை கட்டி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வையுங்கள். மெழுகு பூசத் தேவையில்லை என்று சொன்னதற்காக யாராவது கூலியைக் கூட்டிக் கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

இப்படிக்கு,
கல் பொலிஷ் தொழிலாளி ஒருவன்,
பரந்தன்.